ஃபான்ட்டுக்குள்ள இருக்கறத நம்ம கையில குடுங்க
(கீழக்கரையில பேசுனதோட எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஃபான்ட்ட பத்தி பேசுறதுக்கு யாரு வரப்போறான்னு நெனச்சா டிடிபி கடைக்காரங்க, போட்டுக்கு பேரு எழுதுற பெயின்டர்க, ஏலக்கடை கணக்குப்புள்ளைகன்னு ஹாலே நெறஞ்சு இருக்கு, சந்தோசம்.

வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம் எதாச்சும் கெடந்தா எடுத்துப் பாருங்க, அதுல பெருசுக சொல்ற தும்பிக்கை லை, அதாவது யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய லை இருக்கும். 1978ல எம்ஜிஆர் ஆட்சியில அரசாணை போட்டு 13 எழுத்த மாத்துனாங்க, ணை லை ளை னை நாலு, அப்புறம் ணா றா னா, அதோட ஒ ஓ வரிசையில ணொ ணோ றொ றோ னொ னோ ஆறு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோடு குடுக்குற யூனிகோடுல பழசுக்கும் புதுசுக்கும் தனித்தனி கோடு கெடையாது, ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் உருவத்துல மட்டும். அதனால பழைய லை வேணும்னா ஃபான்ட் செய்றவரு அத கூடுதல் உருவமா வரைஞ்சு உள்ள வைக்கணும், சாஃப்ட்வேரு அத எடுத்துக் குடுக்கணும். 1996ல மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் அறிவிச்ச ஓப்பன்டைப்ங்கற ஃபான்ட் ஃபார்மட்ல இதுக்கு வசதி இருக்கு, மாத்து உருவத்துக்குன்னே 20 செட்டு வரைக்கும் வைக்கலாம்.

இருந்து என்ன பண்ண, மெனுவுல காட்டணும்ல? வேர்டுல 2010 பதிப்புலதான் வந்துச்சு, அதுவும் ஃபான்ட் டயலாக்ல அட்வான்ஸ்டு டேப்புக்குள்ள, தேடிப் போறவனுக்கு மட்டும். வேர்டு மாதிரியே இலவசமா கெடைக்கிற லிபர்ஆபிஸ்ல 2017ல ஃபான்ட் பேருக்குப் பின்னாடி கோலன் போட்டு நாலெழுத்து கோடு அடிக்கணும்னு விட்டாங்க, அது எனக்கு கண்ட்ரோல் குடுத்த மாதிரியே தெரியல, ஏற்கெனவே தெரிஞ்சவனுக்கு சீட்டு எழுதிக் குடுத்த கததான், நல்லவேளை 2019ல டிக் அடிக்கிற பொட்டி வந்துருச்சு.

கணக்குப்புள்ளைக இத கேளுங்க. நண்டு 1,111 ரூபா, கீழ இறால் 8,880 ரூபான்னு அடிக்கிறீக, ஒண்ணு ஒல்லி, எட்டு குண்டு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நிக்காது, உடனே ஸ்பேஸ் பார தட்டு தட்டுன்னு தட்டி நேராக்குறது, மறுநாள் ஒரு தொகைய மாத்துனா மொத்தமும் கலைஞ்சு போகும். எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலம் குடுக்குற வசதி நெறைய ஃபான்ட்டுல உள்ளயே கெடக்கு, வேர்டுல அதே டேப்புல நம்பர் ஸ்பேசிங்க டேபுலர்னு மாத்துனா போதும், ஃபான்ட்டுல இருந்தா அப்படியே வரிசையா நிக்கும்.

ஆனா எல்லாத்துக்கும் சுவிட்சு வச்சுடக் கூடாது, இதுல நான் கறார். அர்வி, அதாவது அரபு எழுத்துல எழுதுன தமிழ் கிதாபு பாத்தவுக இந்த ஊர்ல நெறைய பேரு, அர்வியில எழுதுன மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இருந்த ஊராச்சே. அரபு எழுத்து சொல்லோட முதல்ல, நடுவுல, கடைசியில வேற வேற உருவம் எடுக்குதுல்ல, அதுவும் இதே மாதிரி ஃபான்ட்டுக்குள்ள இருக்கற வசதிதான், ஃபீச்சர்னு சொல்லுவாக, அத ஒருத்தன் தெரியாம ஆஃப் பண்ணுனா எழுத்தெல்லாம் பிச்சுப் போட்டாப்ல தனித்தனியா நிக்கும். போட்டுக்கு என்ன கலரு அடிக்கிறதுன்றது ஓனர் இஷ்டம், அடிப்பலகைய கழட்ட யாராச்சும் லீவரு வைப்பாகளா? அதனால அழகு, பழக்கம், கணக்கு இந்த மூணுக்கும் பொட்டி காட்டு, எழுத்து எழுத்தா நிக்கிறதுக்கு வேணுங்கறத மறைச்சு வையி.

ஃபான்ட் செய்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்த. அந்த 20 செட்டுக்கும் ஃபான்ட்டுக்குள்ளயே பேரு எழுதி வைக்கலாம், தமிழ்லயும் எழுதலாம். எழுதாம விட்டா 'ஸ்டைலிஸ்டிக் செட் 1'னு மட்டும் வரும், அத பாத்து எந்த டிடிபி கடைக்காரரு டிக் அடிப்பாரு? 'பழைய லை, ணை'ன்னு இருந்தா பத்திரிகை அடிக்க வந்த மாப்பிள்ள வீட்டுக்காரவுகளே கைய நீட்டிக் காட்டுவாக. பக்கத்துல சின்னதா உருவத்தையும் காட்டுனா இன்னும் நல்லது.

போன்ல வருமான்னு பின்னாடி தம்பி கேக்குறாரு. மெசேஜ் ஆப்ல இதுக்கெல்லாம் பொதுவா எடமே கெடையாது தம்பி, வெப் பக்கம்னா அத செய்றவரு சிஎஸ்எஸ்ல, அதாவது பக்கத்தோட தோற்றத்த எழுதுற கோடுல, ஒரு வரி எழுதி ஆன் பண்ணிக்கலாம், ஆனா படிக்கிற நம்ம கையில அது இல்ல. சரி, ப்ரொஜெக்டர போடுங்க, லிபர்ஆபிஸ்ல எங்க இருக்குன்னு காட்டுறேன்.