கிரேடர் இருக்கிறது, ஓட்ட ஆள் எங்கே?

(ஊரக உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர்களே, துணைத் தலைவர்களே, எனக்கு முன்னால் நிவாரண நிதி பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, கணக்கு அதிகாரி அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பின்னால் நின்றுகொண்டிருக்கும் சாலைப் பணியாளர்களுக்குத் தனி வணக்கம். நாற்காலி போதவில்லை என்றார்கள். முன்வரிசையில் நான்கு காலியாகத்தான் இருக்கின்றன. வந்து உட்காருங்கள், நான் காத்திருக்கிறேன். இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது.

பேரிடருக்குப் பிறகு ஓர் ஊரக மன்றம் தன் சாலைப்பணித் திறனை எப்படித் திரும்பக் கட்டுவது? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஐந்து விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்தேன்: ஆள், பணம், இயந்திரம், கல்லும் மண்ணும், பதிவேடு. ஆளில் தொடங்குகிறேன். ‘தன் கையே தனக்கு உதவி’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளத்துக்கு மறுநாள் காலையில் இந்தப் பழமொழிக்கு என்ன அர்த்தம் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், முழுதாகச் சொன்னால்தான் விளங்கும். ஒரு சின்ன மன்றம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். ஒரு காலத்தில் அவர்களிடம் பதினோரு பேர் கொண்ட சாலைக் குழு இருந்தது. ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். யாருடைய இடமும் நிரப்பப்படவில்லை. ‘வேலையை டெண்டர் விட்டுவிடலாம், சம்பளம் மிச்சம்’ என்றார்கள். சாலையைச் சீவிச் சமன் செய்யும் இயந்திரமான கிரேடர் மட்டும், விற்றால் விலை போகாது என்று கொட்டகையில் நின்றது. அப்புறம் வெள்ளம் வந்தது. ஒரே இரவில் பாதிச் சாலைகளை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஒப்பந்ததாரருக்குப் போன் போட்டால் அவர் பக்கத்து மன்றத்தில் இருக்கிறார். இன்னொருவர் நெடுஞ்சாலை வேலையில். மூன்றாமவர் ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்கிறார்.

கடைசியில் ஓய்வு பெற்ற கிரேடர் ஓட்டுநரின் வீட்டுக்கு ஆள் போனது. எழுபது வயதுக்காரர். வந்தார். இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கையால் தட்டிப் பார்த்தார். பாட்டரி செத்திருந்தது. ஒரு டயர் மண்ணில் புதைந்திருந்தது. ஹைட்ராலிக் குழாயை எலி கடித்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் அது உறுமியபோது சத்தம் கேட்டு ஊரே வந்து நின்றது.

நேராகப் போய்ச் சாலையைச் சமன் செய்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அந்த மன்றத்தின் சிறுபாலங்கள், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாய்கள், அத்தனையும் அதில் இருந்தன. எது எந்த வளைவுக்கு அப்பால், எதில் குப்பை அடைக்கும், எது ஒரு மழைக்கே நிரம்பும், எல்லாம். இளம் பொறியாளரையும் நான்கு பையன்களையும் மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்க் குழாய் வாய்களை ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தார். பொறியாளருக்குக் கோபம். ‘ஐயா, ஆம்புலன்ஸ் போக வழியில்லை, நீங்கள் வாய்க்கால் வெட்டுகிறீர்களே!’ பெரியவர் நிமிராமலே சொன்னார்: ‘தம்பி, இப்போது மேலே மண்ணைப் போட்டால் அடுத்த மழை அதையும் எடுத்துக்கொண்டு போகும். முதலில் தண்ணீருக்கு வழி விடுவோம்.’

அன்று இரவே மழை பிடித்தது. காலையில் போய்ப் பார்த்தோம். தோண்டிய குழாய்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சாலையில் தண்ணீர் தேங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிரேடரில் ஏறினார். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. மண் சாலைக்கு நூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் சரிவு வேண்டும் என்று பொறியியல் சொல்கிறது. அவர் அளவுகோல் எடுக்கவில்லை, கண் அளந்தது. பத்து நாளில் முக்கியமான பாதைகள் திறந்தன. பொறியாளர் தயங்கித் தயங்கி அந்த நோட்டைக் கேட்டார். ‘எனக்குப் பிறகு இது யாருக்கு என்று நான் வேலையை விட்டுப் போன அன்றைக்கு யாருமே கேட்கவில்லையே தம்பி’ என்றார் பெரியவர்.

கைதட்ட வேண்டாம். அந்தக் கேள்வி நம்மைப் பார்த்துத்தான்.

பெரியவர் செய்தது புதிய வித்தை அல்ல. 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பை ஏற்ற சாலைப் பொறியாளர் ஜான் மெக்காடம் வலியுறுத்தியதும் இதைத்தான்: அடிமண்ணை ஈரமில்லாமல் வைத்திருங்கள், பாரத்தை அதுவே தாங்கும். ஈரமான அடிமண்ணில் கனரக லாரியை விட்டால் என்ன ஆகும்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டியே ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. லாரியின் சக்கர அச்சு ஒன்றின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். வெள்ளத்தில் தப்பிய சாலைகள், கல் ஏற்றி வரும் லாரிகளிடம் தப்புவதில்லை. எந்தச் சாலை இன்னும் காயவில்லை, எதில் பாரத்துக்குத் தடை போட வேண்டும் என்று சொல்ல உள்ளூர்க் குழு வேண்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். தலைமைப் பொறியாளர் அவர்கள் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. ஒரே ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவில் சாலை நீளத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. அங்கே பேரிடர் நிவாரண விதியில் வெகுகாலம் ஒரு கோணல் இருந்தது. சேதத்தைச் சரிசெய்ய ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணத்தை மன்றம் திரும்பக் கேட்கலாம். அதே வேலையைச் செய்த தன் சொந்தப் பணியாளரின் வழக்கமான சம்பளத்தைப் பொதுவாகக் கேட்க முடியாது. குறைந்த செலவில் முடிக்கக்கூடிய குழு கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தினால் நஷ்டம்! 2011 வெள்ளத்துக்குப் பிறகு குயின்ஸ்லாந்து மாநிலம் இதில் விதிவிலக்கு வாங்கிக்கொண்டது. நண்பர்களே, நம் நிவாரண விதிகளிலும் இப்படி ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று ஊருக்குப் போனதும் தேடிப் பாருங்கள். தன் கையே தனக்கு உதவி என்பதற்குத் தடை போடும் விதி அது.

அதே குயின்ஸ்லாந்தில் 2013-ல் ஆஸ்வால்ட் புயல் வெள்ளத்துக்குப் பிறகு 8 கோடி டாலரில் ஒரு நிதி தொடங்கினார்கள். உடைந்ததைப் பழையபடியே கட்டாமல், அடுத்த வெள்ளத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான கூடுதல் செலவுக்கு அந்தப் பணம். எந்தச் சிறுபாலம் எத்தனை முறை உடைந்தது என்று தெரிந்தால்தானே அப்படிக் கட்ட முடியும்? அதனால்தான் பதிவேட்டையும் பட்டியலில் சேர்த்தேன். உடைவதற்கு முந்தைய புகைப்படம், தேதி, இடம். இவை இல்லாததால் கையெழுத்தாகாமல் திரும்பி வந்த நிவாரணக் கோப்புகளைக் கணக்கு அதிகாரி அம்மா பார்த்திருப்பார்கள்.

இயந்திரம், கல்லும் மண்ணும் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். அவர் பொறுமைக்கு நன்றி. பிற்பகல் அமர்வில் நண்பர்கள் பேசுவார்கள்.

என் கோரிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். ஓர் இயந்திர ஓட்டுநருக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும்போதே, அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ சம்பளத்தோடு வேலை கற்க வேண்டும். வெறும் பார்வையாளராக அல்ல, கிரேடரின் மண் சீவும் பிளேடைத் தூக்கி இறக்கிப் பழக வேண்டும். ஒவ்வொரு மன்றமும் குறைந்தது ஒரு கிரேடரையும், அதை ஓட்ட, பழுது பார்க்க, முன்னால் நடந்து குழாய் வாய் தோண்ட ஆட்களையும் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர்களும் வேண்டும், பெரிய பாலத்தை அவர்கள் கட்டட்டும். முதல் பத்து நாளுக்குத் தன் கையே தனக்கு உதவி.

அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் இதை எல்லா மன்றங்களிலும் தீர்மானமாக வைக்க வேண்டுகிறேன். தீர்மானத்தின் நகலும் கையெழுத்துத் தாளும் வாசல் மேசையில் இருக்கின்றன. முன்வரிசைக்கு வந்து அமர்ந்த அந்த நான்கு பேரும் முதலில் கையெழுத்துப் போடுங்கள், அதற்குக் கீழே மன்றத் தலைவர்கள் போடட்டும். வணக்கம்.