கடைப் பெயர் தெரியாதவருக்கும் உங்கள் வெப்சைட் கிடைக்க வேண்டுமா?

[திரையில்: மொபைல் போன். தேடல் பெட்டியில் "ஆத்தங்குடி டைல்ஸ் பாத்ரூமில் போடலாமா" என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகின்றன.]

வணக்கம். உங்கள் கடைப் பெயரை கூகுளில் தட்டினால் உங்கள் வெப்சைட் வந்துவிடுகிறது. சந்தோஷம். ஆனால் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். கடைப் பெயரே தெரியாமல், நீங்கள் விற்கிற பொருள் மட்டும் தேவைப்படுகிற ஒருவர் தேடும்போது உங்கள் தளம் வருகிறதா? இந்த வீடியோ முழுக்க அந்த ஒருவரைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு ஆத்தங்குடியில் ஒரு சிறிய டைல்ஸ் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சிவகங்கை மாவட்டம், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைப் பிரித்தால் பூப்போட்ட வழவழப்பான முகம் வரும். இதை வாங்குகிறவர்களில் பலர் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள். பட்டறை வாசலைக் கடந்து போகிறவர்கள் இல்லை. தேடித்தான் வர வேண்டும்.

[திரையில்: தேடல் பெட்டி, பட்டறையின் இணைய முகவரியுடன்.]

முதலில், உங்கள் தளம் கூகுளின் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைத் தட்டுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால், மற்ற எந்த வேலைக்கும் முன்னால் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் வராமல் போகிறது? கூகுள் ஒரு தானியங்கி நிரலை அனுப்பி, லிங்க் லிங்க்காகத் தாவி, பக்கங்களைப் படித்துத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறது. யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்துதான் எடுத்துத் தருகிறது. அதில் சேராத பக்கம் எந்தத் தேடலிலும் வராது. வேர்ட்பிரஸில் செய்த தளம் என்றால் செட்டிங்ஸ் போய், ரீடிங் என்ற பக்கத்தைத் திறங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்கிற ஒரு டிக் பெட்டி அங்கே இருக்கும். தளத்தைக் கட்டும்போது டிக் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவது உண்டு. அந்த ஒரு டிக் இருக்கும்வரை வேறு எதைச் செய்தும் பலன் இல்லை.

அடுத்து, உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டுகிற கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேருங்கள். இலவசம். தளம் உங்களுடையது என்று நிரூபிக்கச் சொல்லும். அதற்கான வழியை அதுவே காட்டும். அங்கே சைட்மேப், அதாவது உங்கள் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடுகிற கோப்பு, அதன் முகவரியைக் கொடுங்கள். அப்புறம், ஏதாவது ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, அதை கூகுள் படித்ததா, படிக்கவில்லை என்றால் காரணம் என்ன என்று கேட்கலாம். பதில் சொல்லும்.

[திரையில்: பட்டறையின் முகப்புப் பக்கம். பெரிய வண்ணப் படம். படத்துக்குள்ளேயே விலையும் அளவும் எழுதியிருக்கிறது.]

இப்போது இந்த வேலையின் உயிரான இடத்துக்கு வருகிறோம்.

இந்தப் பக்கத்தைப் பாருங்கள். அழகான படம், மேலே "தரமே எங்கள் தாரக மந்திரம்". விலைப்பட்டியல் ஒரு போஸ்டராக இருக்கிறது. மனிதர் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் எழுத்தாக இந்தப் பக்கத்தில் இருப்பது அந்தத் தாரக மந்திரம் மட்டும்தான். படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பித் தேடலில் இடம் பிடிக்க முடியாது. விலை, அளவு, ஊர், எல்லாம் பக்கத்தில் எழுத்தாகவே இருக்க வேண்டும். பரிசோதிப்பது சுலபம்: விரலை வைத்து அழுத்தினால் அந்த வரியை காப்பி செய்ய முடிய வேண்டும்.

சரி, என்ன எழுதுவது? இதற்காகக் காசு கொடுத்து வார்த்தைப் பட்டியல் வாங்க வேண்டாம். உங்கள் கடைப் போனுக்கு வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டைல்ஸ் பட்டறைக்கு வருகிற கேள்விகள் இப்படி இருக்கும்: "சதுர அடி என்ன விலைங்க?" "ஈரத்தில் வழுக்குமா?" "கோயம்புத்தூருக்கு அனுப்பினால் வழியில் உடையுமா, உடைந்தால் யார் பொறுப்பு?" "எங்க ஊர் கொத்தனார் பதிப்பாரா, உங்க ஆள் வரணுமா?" "ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?" போனில் கேட்கிற அதே ஆள்தான் கூகுளிலும் கேட்கிறார், அநேகமாக அதே வார்த்தைகளில்.

இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் தினமும் வாயால் பதில் சொல்கிறீர்கள். அதை எழுதிப் போடுங்கள். "எத்தனை கல் வேண்டும்?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: அறையின் வரைபடம், 10 அடிக்கு 12 அடி.]

8 இன்ச் சதுரக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 கல். 10 இன்ச் என்றால் 144 கல். 10-க்கு 12 அடி அறை 120 சதுர அடி; 8 இன்ச் கல் 270 வேண்டும். வெட்டும்போதும் ஏற்றி இறக்கும்போதும் வீணாவதற்கு எத்தனை கல் கூட வாங்க வேண்டும் என்பதை உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள். பார்டருக்குத் தனிக் கல் என்றால் அதையும் சொல்லுங்கள். வீடு கட்டுகிறவர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து தேடுகிற கணக்கு இது. ஆசிட் கேள்விக்கும் அப்படித்தான். இது சிமெண்ட் கல், ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரித்துவிடும், அதனால் கூடாது என்று காரணத்தோடு எழுதினால், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். கூகுளின் ஏஐ பதில்களும் இப்படித் தெளிவாக எழுதிய பக்கங்களிலிருந்துதான் தகவல் எடுக்கின்றன. அதற்கென்று தனி வித்தை எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்ட வேண்டாம். பாத்ரூம், விலையும் அளவும், பதிக்கும் முறை, அனுப்பும் விவரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுங்கள். தமிழில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல், தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று போடுவது நல்லது.

[திரையில்: தேடல் முடிவில் ஒரு வரி, "ஹோம்". அது அழிந்து, "ஆத்தங்குடி கைவினை டைல்ஸ்: 8 இன்ச், 10 இன்ச் விலை" என்று மாறுகிறது.]

பக்கத்தின் தலைப்பு என்று ஒன்று இருக்கிறது. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் பெரும்பாலும் வருவது இதுதான். நிறைய சிறிய தளங்களில் அது வெறும் "ஹோம்" என்று இருக்கிறது. என்ன பொருள், எந்த ஊர், இந்தப் பக்கத்தில் என்ன கிடைக்கும் என்பது தலைப்பிலேயே தெரியட்டும். நீளமாக எழுதினால் மொபைலில் வெட்டுப்படும், அதனால் முக்கியமானதை முன்னால் வையுங்கள். "கீவேர்ட்ஸ்" என்ற மறைவான பெட்டியில் நூறு வார்த்தை நிரப்புவதாக யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். வரிசைப்படுத்துவதற்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

படங்களைச் சுருக்கிப் போடுங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். டவர் சரியில்லாத இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. கூகுள் படித்துப் பார்ப்பதும் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான். கம்ப்யூட்டரில் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

[திரையில்: வரைபடத்தில் ஒரு சிவப்புக் குறி.]

மேப்ஸில் தெரிவதற்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் இருக்கிறது. இதுவும் இலவசம். பொருத்தம், தூரம், பிரபலம் இந்த மூன்றையும் வைத்து அது வரிசைப்படுத்துகிறது. காரைக்குடியில் தையல் கடை வைத்திருப்பவருக்கு இந்த புரொஃபைல் வெப்சைட்டைவிட முக்கியம் என்பேன். சரியான தொழில் வகை, திறக்கும் நேரம், கடை முகப்புப் படம், போன் நம்பர், இவ்வளவையும் சரியாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் ஆத்தங்குடிப் பட்டறை சென்னையில் தேடுகிறவரின் மேப்பில் மேலே வராது, தூரம் விடாது. அங்கே வெப்சைட்தான் போய்ப் பேச வேண்டும்.

ரிவ்யூ கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். சரக்கு இறங்கி, பதித்து முடித்த பிறகு, "படத்தோடு நாலு வரி போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி ரிவ்யூ வாங்குவது கூகுளின் விதிக்கு விரோதம்.

தேடலில் மேலே வர உதவுகிற, மற்ற தளங்களிலிருந்து வருகிற லிங்க்குகளும் அதேபோலத்தான். உங்கள் கல்லைப் பதித்த ஆர்க்கிடெக்ட் தன் தளத்தில் அந்த வீட்டின் படத்தைப் போட்டிருப்பார். செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர் தரையின் அழகைப் பற்றி எழுதியிருப்பார். கல் எங்கே வாங்கியது என்று ஒரு வரியும் லிங்க்கும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இப்படி வருகிற ஒரு லிங்க், காசுக்கு வாங்குகிற ஆயிரத்துக்கு மேல். வாங்கிய லிங்க்குகளைக் கண்டுபிடித்து ஒதுக்க கூகுள் 2012-லிருந்தே கடுமையாக வேலை செய்கிறது.

[திரையில்: சர்ச் கன்சோலின் தேடல் சொற்கள் பட்டியல்.]

பலன் தெரிய எவ்வளவு நாள்? நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மாதம் ஒரு முறை சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் தெரிந்தது, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். ஒரு கேள்விக்கு நிறைய முறை தெரிந்தும் யாரும் தட்டவில்லை என்றால், ஒன்று நீங்கள் மிகவும் கீழே இருக்கிறீர்கள், இல்லை தலைப்பு அவர்களை இழுக்கவில்லை. உங்களிடம் பக்கமே இல்லாத கேள்வி பட்டியலில் வந்தால், அடுத்து எழுத வேண்டியது அதுதான்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை, ஆள் வைத்துச் செய்யலாம் என்றால் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் "முதல் இடத்துக்கு கேரண்டி" என்று போனில் சொல்கிறவரிடம் வேண்டாம். அந்த உறுதியை யாராலும் தர முடியாது, கூகுளே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் டொமைன் (தள முகவரி), ஹோஸ்டிங் (தளம் வைத்திருக்கிற இடம்), சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் நான்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் எந்த மின்னஞ்சலில் பதிந்தார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். அவருடையது என்றால், அவர் உங்கள் போனை எடுக்கிற காலத்திலேயே மாற்றி வாங்கிவிடுங்கள்.