விப்டெயில் வாங்கப் போறீங்களா? முதல்ல முதுகுத்துடுப்பைப் பாருங்க

வணக்கம் நண்பர்களே. கடையில விப்டெயில், அதாவது சாட்டை வால் கெளுத்தின்னு ஒரே பேர்ல குடுக்கிற தொட்டி மீன்ல குறைஞ்சது மூணு வகை இருக்கு. சாப்பாடும் தொட்டி அளவும் எல்லாத்துக்கும் ஒண்ணு இல்ல. எது நம்ம கையில இருக்குன்னு தெரியாம வாங்கினா அந்த மீன் பெரும்பாலும் பட்டினியிலதான் சாகும். அதனால முதல்ல அடையாளம்.

மூணுமே தென் அமெரிக்காவோட லோரிகாரிடே, அதாவது உறிஞ்சு வாய்க் கெளுத்திக் குடும்பம். நம்ம ஊர் கடைல கிடைக்கிற சக்கர் மீனும் இதே குடும்பம்தான். ஆனா சக்கருக்கு வால் பக்கத்துல ஒரு சின்ன கொழுப்புத்துடுப்பு இருக்கும், விப்டெயிலுக்குக் கிடையாது. வாலுக்கு முன்னாடி உடம்பு நீளமா, தட்டையா ஒடுங்கிப் போகும்.

இப்ப ஸ்க்ரீன்ல பாருங்க, முதுகுத்துடுப்பு எங்க ஆரம்பிக்குது? இந்த மீன்ல வயித்துப் பக்கத்து இடுப்புத்துடுப்புக்கு நேர் மேல நிக்குது. மூக்கு மழுங்கலா இருக்கு, வாலோட மேல் நுனியில மட்டும் ஒரு நூல். இது ரினெலோரிகாரியா, 10-லிருந்து 15 சென்டிமீட்டர் வளரும். சிவப்பா 'ரெட் லிசர்ட்'னு, எல்-10ஏங்கிற வியாபார எண்ணோட விக்கிறதும் இந்தக் கூட்டம்தான்.

துடுப்பு அதே இடத்துல இருந்து, மூக்கு கூரா நீண்டு, வாலோட மேல் கீழ் ரெண்டு நுனியிலயும் நூல் தொங்கினா அது ராயல் விப்டெயில், அதாவது ஸ்டுரிசோமா கூட்டம். 20 சென்டிமீட்டர் தாண்டிடும். கொலம்பியாவோட மாக்தலேனா ஆத்துல இருந்து வர்ற வகையும் இதுல உண்டு. முதுகுத்துடுப்பு இன்னும் பின்னாடி தள்ளி, குதத்துடுப்புக்கு நேர் மேல இருந்து, உடம்பு குச்சி மாதிரி ஒல்லியா இருந்தா ஃபார்லோவெல்லா. மூணுலயும் ரொம்ப மென்மையானது அதுதான். புதுசா மீன் வளர்க்கிறவங்க தயவுசெஞ்சு அதை எடுக்காதீங்க.

கடையிலேயே இன்னொண்ணு பாக்கணும், வயிறு. மீன் கண்ணாடியில ஒட்டும்போது அடிப்பக்கம் தெரியும். வயிறு லேசா உப்பி இருக்கணும். உள்வாங்கி, கண்ணும் குழிஞ்சிருந்தா வேண்டாம், அந்த நிலையில இருந்து மீள்றது ரொம்ப அபூர்வம்.

தொட்டிக்கு உயரம் முக்கியமில்ல, தரைப் பரப்புதான் முக்கியம். ஒரு ஜோடி ரினெலோரிகாரியாவுக்கு இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், கிட்டத்தட்ட 70 லிட்டர் போதும். ராயலுக்கு 4 அடி வேணும். தரையில நல்ல மென்மையான மணல் போடுங்க. கூர்மையான ஜல்லி வாயையும் அடிவயித்தையும் கீறி, அந்தக் காயத்துல கிருமி தொத்திடும். ராயலுக்கும் ஃபார்லோவெல்லாவுக்கும் டிரிஃப்ட்வுட், அதாவது தொட்டியில போடுற மரக்கட்டை கண்டிப்பா வேணும்.

தண்ணி 24-லிருந்து 27 டிகிரி, பிஎச் 6.5-லிருந்து 7.5. மீன் கழிவுல இருந்து வர்ற விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா இருக்கணும். அதை உடைக்கிற பாக்டீரியா புதுத் தொட்டியில இன்னும் வளர்ந்திருக்காது, அதனால அதுல இந்த மீனை விடவே கூடாது. நம்ம ஊர் வெயில்ல வர்ற சிக்கல் வேற. 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும், 30 டிகிரியில 7.5 கிட்டதான். சூட்டுல மீனுக்குத் தேவையும் கூடும். ஏப்ரல், மே மாசத்துல ஏர் பம்ப்பை ராத்திரியும் நிறுத்தாதீங்க, மூடியைத் திறந்து வலை போட்டு, மேல ஒரு சின்ன ஃபேன் ஓட விடுங்க.

சாப்பாட்டுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. "பாசி தின்னும், தனியா எதுவும் போட வேண்டாம்"னு கடையில சொல்றதை நம்பாதீங்க. வீட்டுத் தொட்டிப் பாசி ஒரு வாரத்துக்குக்கூட வராது. லைட் அணைச்சு அரை மணி நேரம் கழிச்சு, அடியில மூழ்குற வேஃபர், அதாவது தட்டை உணவு வில்லை போடுங்க. ரினெலோரிகாரியா செடி உணவும் புழு, பூச்சியும் ரெண்டும் தின்னும், அதனால வாரத்துல ரெண்டு நாள் உறைஞ்ச ரத்தப்புழுவோ, ஆர்ட்டீமியாங்கிற குட்டி உப்புநீர் இறாலோ குடுக்கலாம். மத்த ரெண்டுக்கும் முக்கால்வாசி பச்சைதான்: ரெண்டு நிமிஷம் கொதிநீர்ல போட்ட வெள்ளரி, பாலக் கீரை. காலையில மிச்சத்தை எடுத்துடுங்க, இல்லேன்னா தண்ணி கெட்டுடும்.

கூட வளர்க்க கார்டினல் டெட்ரா, கோரிடோரஸ் நல்லது. டைகர் பார்ப் வால் நூலைக் கடிச்சிடும். பெரிய சக்கர் மொத்த வேஃபரையும் தின்னுட்டுப் போயிடும். ரெண்டு வகை ரினெலோரிகாரியாவை ஒரே தொட்டியில வைக்காதீங்க, கலப்பு ஆகிடும். அந்தக் குஞ்சுகளை எந்தப் பேர்லயும் விக்கிறது நியாயமில்ல.

பிடிக்கும்போது வலை வேண்டாம். ஆண் மீனோட கன்னத்துலயும் மார்புத்துடுப்புலயும் இருக்கிற முள்முடி வலையில சிக்கிக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணியோட அள்ளுங்க. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போடணும்னா காப்பர் இருக்கிறதைத் தவிருங்க.

அந்த முள்முடிதான் ஆணுக்கு அடையாளம். ரினெலோரிகாரியா முட்டையிட, ரெண்டு பக்கமும் திறந்த பிவிசி குழாய் போதும்: உள் விட்டம் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல, நீளம் 6 இன்ச். தொட்டித் தண்ணியை விட ரெண்டு டிகிரி குளிர்ந்த தண்ணியால மூணுல ஒரு பங்கு மாத்தினா தூண்டுதல் கிடைக்கும். ராயல் குழாய்க்குள்ள போகாது, கண்ணாடியிலயே ஒட்டும். ரெண்டுலயும் அப்பாதான் காவல், அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. சூட்டைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள்ல பொரிக்கும். மஞ்சள் கரு தீர்ந்ததும் குஞ்சு முன்னாடி எப்பவும் சாப்பாடு இருக்கணும், ஒரு நாள் காலியா விட்டாலும் சாக ஆரம்பிக்கும். கூழாங்கல்லை வெயில்ல வாளித் தண்ணியில வச்சுப் பாசி பிடிக்க வையுங்க, தினம் ஒண்ணு மாத்துங்க. குஞ்சு உள்ள இழுபடாம இருக்க, ஃபில்டர் வாய்ல ஸ்பாஞ்ச் மாட்டுறதை முட்டை தெரிஞ்ச அன்னிக்கே செஞ்சுடுங்க.