999 ரூபாய்க்கு ஒரு வருஷ வகுப்பு! கணக்கு உதைக்கவில்லையா?

வணக்கம் நண்பர்களே! ஒரு வருஷக் கோச்சிங் வெறும் 999 ரூபாய். இந்த விலையில் 2020ல் தொடங்கிய பிசிக்ஸ் வாலா கம்பெனியின் மதிப்பு இரண்டே வருஷத்தில், 2022 ஜூனில், நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஆன்லைன் கோச்சிங் ஆசை இருந்தால் முழுசாகப் பாருங்கள்.

தொடங்கியவர் பெயர் அலக் பாண்டே, ஊர் பிரயாக்ராஜ், நமக்குத் தெரிந்த அலகாபாத். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவர். 2014ல் பிசிக்ஸ் வாலா யூடியூப் சேனல், 2020ல் ஆப்.

சரி, அந்த 999க்கு வருவோம்.

[திரையில்: 999 ÷ 365]

ஒரு நாளைக்கு மூன்று ரூபாய்கூட வரவில்லை, டீக்கடையில் ஒரு வடைகூடக் கிடைக்காது! ஆனால் இதைப் பாருங்கள். தெருமுனை டியூஷனில் 20 பேரிடம் தலைக்குப் பத்தாயிரம் வாங்கினால் 2 லட்சம். 999க்கு 200 பேர் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட அதே 2 லட்சம்தான். டியூஷனில் 21வது பிள்ளை வந்தால் பெஞ்ச் போட வேண்டும், 40 பேரானால் இன்னொரு ரூம் வாடகைக்குப் பிடிக்க வேண்டும், ஆன்லைனில் 201வது பிள்ளைக்கு பெஞ்சே வேண்டாம்! எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. அதோடு, அலக் பாண்டே முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பணம் கேட்கவில்லை, வருஷக்கணக்கில் இலவசமாகப் பாடம் கேட்டுப் பழகிய பிள்ளைகளிடம்தான் கேட்டார்.

அதனால் முதல் நாளே ஆப் செய்யப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒரு பாடம், ஒரு வகுப்பு, ஒரு போன், ஒரு நல்ல மைக், யூடியூப். பத்துப் பேர் சந்தேகம் கேட்க ஆரம்பித்ததும் கூகுள் மீட்டில் ஒரு சின்ன பேட்ச், பணம் வாங்க யுபிஐ. அப்புறம் வளரும்போது ஒன்று இடிக்கும்: ஒரே வீடியோவை லட்சம் பேர் பார்க்கலாம், லட்சம் பேரின் சந்தேகத்துக்கு ஒரே ஆள் பதில் சொல்ல முடியாது. எடிட்டரைத் தேடும் முன் சந்தேகம் தீர்க்க ஒரு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். பிசிக்ஸ் வாலாவே 2022ல் ராஜஸ்தானின் கோச்சிங் நகரமான கோட்டாவில் நேரடி வகுப்பு தொடங்கியது, தெரியுமா?

வரி: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, 18 சதவீதம். 999ல் வரியும் அடக்கம் என்றால் கையில் நிற்பது சுமார் 847 ரூபாய், விலை வைக்கும்போதே இதைப் போட்டுப் பாருங்கள்.

விளம்பரத்துக்கும் விதி உண்டு. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்தது: தேர்வில் ஜெயித்த பிள்ளையின் பெயரையோ போட்டோவையோ போட எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், அதுவும் ஜெயித்த பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். 50 மாணவர்களுக்கு மேல் இருந்தால் இது பொருந்தும். நல்ல விதி, 50 பேர் இல்லாவிட்டாலும் பின்பற்றுங்கள்.

நீங்கள் எந்தப் பாடம் எடுக்கப் போகிறீர்கள், எந்த வகுப்புக்கு? கமெண்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.