பால் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

கொடுங்கோல் ஆட்சியைப் பற்றி எழுதப்பட்ட கதைகளைக் குறித்துப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மூன்று எழுத்தாளர்களைப் பற்றிக் குறிப்பு எழுதி எடுத்து வந்திருக்கிறேன். முதல் ஆளைத் தாண்டுவேனா என்பது சந்தேகம்தான். என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள்.

முதல் ஆள் ஜார்ஜ் ஆர்வெல். 1903-ல் பீகாரில், மோதிஹாரி என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு அபினி இலாகாவில் உத்தியோகம். இவரும் நம்மைப்போல வானொலியில் பேசியவர்தான். 1941-லிருந்து 1943 வரை லண்டனில் பி.பி.சி.யில் உட்கார்ந்து இந்தியாவுக்கான ஒலிபரப்புக்கு உரைகள் தயாரித்தார். போர்க்காலம். தணிக்கை பார்க்காமல் ஒரு வரிகூட ஒலிவாங்கிக்கு வராது. வீண் வேலை என்று அலுத்துப்போய் 1943 கடைசியில் விலகினார். விலகிய கையோடு எழுதி முடித்ததுதான் 'விலங்குப் பண்ணை'. தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார். ஒரு வேடிக்கை பாருங்கள், இரண்டு வருடம் வானொலியில் இருந்த அந்த மனிதருடைய குரல், ஒரு நிமிடப் பதிவுகூட இன்றைக்குக் கிடைக்கவில்லை.

சரி, கதை. ஜோன்ஸ் என்று ஒரு பண்ணைக்காரன், குடிகாரன். ஒருநாள் குடித்துவிட்டுத் தீனி போடாமல் கிடக்கிறான். பசி பொறுக்காத விலங்குகள் அவனை அடித்துத் துரத்திவிட்டுப் பண்ணையைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. எல்லா விலங்கும் சமம் என்று சுவரில் எழுதி வைக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் பன்றிகள் எஜமானர்கள் ஆகின்றன. ரஷ்யப் புரட்சியும் ஸ்டாலினும்தான் ஆர்வெல் மனதில் இருந்தது.

இந்தக் கதை எந்த இடத்தில் கெட்டுப்போகிறது? படித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் நாய்களைச் சொல்வார்கள். நெப்போலியன் என்ற பன்றி யாருக்கும் தெரியாமல் ஒன்பது நாய்களை வளர்த்து, போட்டியாக இருந்த ஸ்நோபாலின் மேல் ஏவிவிடுகிறதே, அந்த இடம். நானும் பல வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வீட்டில் நான்கு கறவை மாடு. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள், பாதி நாள் தாமதம். அவள் சொன்னாள்: "இல்ல சார், அதுக்கு முன்னாடியே போச்சு. அந்தப் பாலைக் காணோம்ல, அன்னிக்கே போச்சு."

எனக்கு எந்தப் பால் என்று உடனே பிடிபடவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. புரட்சி முடிந்த மறுநாள். ஒரு நாள் முழுக்கக் கறக்காததால் பசுக்களுக்கு மடி கனத்து வலிக்கிறது. பன்றிகள் வாளி கொண்டுவரச் சொல்லிக் கறக்கின்றன. ஐந்து வாளி, நுரை ததும்பும் பால். இவ்வளவு பாலையும் என்ன செய்யப்போகிறோம் என்று யாரோ கேட்கிறார்கள். ஜோன்ஸ் சில நேரம் எங்கள் தீனியில் கொஞ்சம் கலப்பான் என்கிறது ஒரு கோழி. உடனே நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பாலை விடுங்கள், அதைப் பார்த்துக்கொள்ளலாம், அறுவடைதான் முக்கியம், நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்கிறது. எல்லோரும் வயலுக்குப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் பால் இல்லை.

அந்தப் பெண் உட்காரும்போது ஒன்று சொன்னாள். "எங்க வீட்ல அளக்காம வாளிய யாரும் நகத்த மாட்டாங்க சார்."

பிற்பாடுதான் ஒரு கடிதத்தைப் படித்தேன். 1946 டிசம்பரில் டுவைட் மெக்டொனால்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு ஆர்வெல் எழுதியது. பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம்தான் கதையின் திருப்பம், மற்ற விலங்குகள் அப்போதே காலை ஊன்றி நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்கிறார். எழுதியவரே சொல்லிவிட்டார். கறவை மாட்டு வீட்டுப் பெண் கடிதம் படிக்காமலே சொன்னாள்.

பால் போன பிறகு காரணம் வருகிறது, அதுவும் கவனிக்க வேண்டியது. வாய்ச்சாலகப் பன்றி ஸ்க்வீலர் வந்து விளக்குகிறது: எங்களில் பலருக்குப் பாலே பிடிக்காது, நாங்கள் மூளை உழைப்பாளிகள், உங்களுக்காகத்தான் குடிக்கிறோம், நாங்கள் தளர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், வரட்டுமா? வரட்டும் என்று யார் சொல்வார்கள்? பின்னால் தீனியைக் குறைக்கும்போதும் அந்தப் பன்றி 'குறைப்பு' என்று சொல்லவே சொல்லாது. 'சீரமைப்பு' என்றுதான் சொல்லும்.

நான் சொல்ல வந்தது கோழியைப் பற்றி. எங்கே விட்டேன்? ஆம், முதலில் பாலைப் பற்றி வாய் திறந்த கோழிக்குக் கதையில் பெயர்கூட இல்லை. பிறகு வருடங்கள் போகின்றன. வாரத்துக்கு 400 முட்டை விற்பதாக நெப்போலியன் வெளியாளோடு ஒப்பந்தம் போடுகிறது. அப்போது கோழிகள் எதிர்க்கின்றன. உத்தரத்தில் ஏறி முட்டையிட்டுக் கீழே உடைய விடுகின்றன. தீனி நிறுத்தப்படுகிறது, ஒரு தானியம் கொடுத்தாலும் மரணம் என்று உத்தரவு, காவலுக்கு நாய்கள். ஐந்து நாள் தாங்கினார்கள். ஒன்பது கோழி செத்தது. ரத்தக் கழிச்சலில் செத்தன என்று அறிவிப்பு வந்தது. அதே கோழிகள்தான், நேயர்களே. வாளி கண்ணெதிரே இருந்த அன்றைக்கு நாயும் இல்லை, காவலும் இல்லை. வயலுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தால் போதும்.

புத்தகம் அச்சேறிய கதையும் சுவையானது, சுருக்கிச் சொல்கிறேன். ஸ்டாலின் அப்போது பிரிட்டனுக்குக் கூட்டாளி. நான்கு பதிப்பகங்கள் மறுத்தன. ஒன்று, ஆள்வது பன்றியாக இல்லாமல் வேறு விலங்காக இருந்தால் தேவலை என்றது. ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்து ஆர்வெல் வீடு இடிந்தபோது கையெழுத்துப் பிரதியையே இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். கசங்கிய அந்தப் பிரதி கவிஞர் டி.எஸ். எலியட்டிடம் போனது, அவர் ஃபேபர் பதிப்பகத்தில் இருந்தார். பன்றிகள்தானே அறிவாளிகள், பொதுநலம் பேணும் பன்றிகள் இன்னும் கொஞ்சம் இருந்தால் போதுமே என்கிற தொனியில் மறுத்து எழுதினார். பெரிய கவிஞர்தான். ஆனால் பால் எடுத்துக்கொள்ளும் விஷயத்தில் எல்லாப் பன்றிக்கும் ஒரே கருத்து, நல்ல பன்றி என்று நாம் நம்பும் ஸ்நோபாலுக்கும்கூட. எலியட் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. என்னைப்போல. கடைசியில் 1945 ஆகஸ்டில் வேறொருவர் வெளியிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்.

கண்ணாடி என்றதும் இரண்டாமவர், எவ்கேனி சாம்யாட்டின். ரஷ்யர், கப்பல் பொறியாளர். 'நாம்' என்ற நாவலை 1920, 21-லேயே எழுதிவிட்டார், ஸ்டாலின் தலையெடுக்கும் முன்பே. அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடெல்லாம் கண்ணாடிச் சுவர். அனுமதிச் சீட்டு இருந்தால் குறித்த நேரத்துக்கு மட்டும் திரையை இறக்கிக்கொள்ளலாம். ஜார் அரசும் இவரைச் சிறையில் போட்டது, புரட்சி செய்து ஆட்சிக்கு வந்த போல்ஷ்விக்குகளும் போட்டார்கள். அதே சிறை, அதே தாழ்வாரம். நாவல் 1924-ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது, சொந்த நாட்டில் 1988-ல்.

மூன்றாமவர் புல்ககோவ், இவரும் ரஷ்யர்... ஒரு விரல்தான் இருக்கிறது. இவர் கதையில் தெருநாய் ஒன்றை அறுவை சிகிச்சை செய்து மனிதனாக்குகிறார் ஒரு டாக்டர். மனிதனானதும் அதற்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கிறது. எந்த இலாகா தெரியுமா? மாஸ்கோவில் தெருப்பூனைகளை ஒழிக்கும் இலாகா, அதற்குத் தலைவர். வணக்கம்.