மாட்டுக்கு முன்னால் ஓடிய வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

1958 ஜனவரி 19, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரம். அந்த வருடத்தின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். நீண்ட மூக்கோடு ஃபெராரியும் மசெராட்டியும் நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரு குட்டிக் கார், பெயர் கூப்பர். மற்றவற்றின் எஞ்சின்கள் இரண்டரை லிட்டரை ஒட்டியவை. இதில் இரண்டு லிட்டர்கூட முழுசாக இல்லை. அந்தச் சின்ன எஞ்சினும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்!

ஓட்டியவர் ஸ்டர்லிங் மாஸ். காரின் சொந்தக்காரர் ராப் வாக்கர். இவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஃபெராரியில் சக்கரத்துக்கு ஒரே நட்டு. சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் கழன்றுவிடும். கூப்பரில் சக்கரத்துக்கு நான்கு நட்டு. டயர் மாற்ற நின்றால் அங்கேயே பந்தயம் முடிந்துபோகும். அதனால் நிற்பதே இல்லை என்று முடிவு செய்தார்கள். ஆனால் மெக்கானிக்குகள் புது டயர்களை எடுத்து வெளியே வைத்து, மாஸ் இதோ வரப்போகிறார் என்பதுபோல் காத்துக்கொண்டிருந்தார்கள். எப்படியும் அவர் நின்றாக வேண்டும் என்று நம்பி ஃபெராரிக்காரர்கள் அவசரப்படவில்லை. விஷயம் புரிந்து ஃபெராரி ஓட்டுநர் லூயிஜி முஸ்ஸோ துரத்த ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டது. கடைசிச் சுற்றுகளில் மாஸின் டயர்களில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது. 2.7 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப் ஃபார்முலா ஒன்னில், எஞ்சினைப் பின்னால் வைத்த கார் வென்ற முதல் பந்தயம் அதுதான்.

மாஸின் சாமர்த்தியம் பாதி என்றால், காரின் அமைப்பு மறுபாதி. எஞ்சின் முன்னால் இருந்தால், அதன் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒரு நீண்ட தண்டு வேண்டும். ஓட்டுநர் அதன் மேலேயோ அதை ஒட்டியோ உட்கார வேண்டும். எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டால் தண்டு தேவையில்லை, எடை குறைகிறது. ஓட்டுநர் தாழச் சாய்ந்து உட்காரலாம், காற்றை எதிர்க்கும் முகப்பும் சின்னதாகிறது. பாரமெல்லாம் நடுவில் சேர்வதால் வளைவுகளில் கார் சட்டென்று திரும்பும். டயரும் பெட்ரோலும் மிச்சமாகும். அந்த வருடம் விதிகள் மாறிப் பந்தய தூரம் குறைந்ததும் இப்படிப்பட்ட லேசான காருக்கு வசதியாகப் போனது.

எஞ்சினைப் பின்னால் வைக்கும் யோசனை புதிதல்ல. 1930களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்கள் அப்படித்தான் ஓடின. ஆனால் கூப்பர் குடும்பம் அதைப் பார்த்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. லண்டனுக்கு அருகே சர்பிட்டனில் அப்பா சார்லஸ் கூப்பருக்கு ஒரு கராஜ் இருந்தது. போர் முடிந்து எதுவும் எளிதில் கிடைக்காத 1946-ல், மகன் ஜான் இரண்டு பழைய ஃபியட் டோப்பலினோ கார்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து ஒரு பந்தயக் கார் செய்தார். அதில் மாட்டியது 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின். மோட்டார் சைக்கிள் எஞ்சின் செயினால் சக்கரத்தைச் சுற்றுவது. அது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தானே செயின் போட வசதி? அதனால் பின்னால் வைத்தார்கள். பந்தயக் காரின் வடிவமே மாறியதற்குப் பின்னால் இவ்வளவு எளிய காரணம் இருந்தது என்பதுதான் என்னை இந்தக் கதையோடு கட்டிப்போடுகிறது.

அப்புறம் வந்த பெரிய கூப்பர்களிலும் அந்தப் பட்டறைப் புத்தி இருந்தது. சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் சட்டத்தின் குழாய்கள் நேராக இருக்க வேண்டும் என்பது பொறியியல் பாடம். கூப்பரில் அவை வளைந்திருந்தன. கியர்பாக்ஸ், சித்ரோயன் காருடையதை மாற்றியமைத்தது.

வண்டியை மாடு இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது என்று ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி சொன்னதாகச் சொல்வார்கள். மாடு என்றது எஞ்சினை. 1961-ல் அவருடைய கார்களிலும் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போய்விட்டது.

அதற்கு முன்பே, 1959-லும் 1960-லும், ஆஸ்திரேலியரான ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன் ஆகியிருந்தார். 1960-ல் தொடர்ந்து ஐந்து பந்தயங்களை வென்றார். ஆனால் என் மனதில் நிற்பது 1959-ன் கடைசிப் பந்தயம், அமெரிக்காவின் செப்ரிங். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த பிராபமுக்கு எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்பாகப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அதே அணியின் புரூஸ் மெக்லாரன், 22 வயது இளைஞர், கடந்துபோய் முதலாவதாக வந்தார். பிராபம் இறங்கினார். வேறு யாராவது கை வைத்தால் தகுதி போய்விடும். தனியாகவே காரைத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினார். நான்காவது இடம். கோட்டைத் தாண்டியதும் அப்படியே தரையில் சரிந்துவிட்டார். அந்த வருட சாம்பியன் அவர்தான்.