கென்னடி சென்டருக்கு அரசுப் பணம் வருகிறதே, டிக்கெட் எதற்கு?

போன வாரக் காணொளிக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "வாஷிங்டனில் உள்ள கென்னடி சென்டர் என்ற கலையரங்கத்துக்கு 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சுமார் 25.7 கோடி டாலர் ஒதுக்கியதே, பிறகும் டிக்கெட்டுக்கு ஏன் அவ்வளவு விலை?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு என் பதில் தெரிந்திருக்கும். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வந்த பணத்தை எடுத்து மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அந்த 25.7 கோடியும் கட்டடத்தைப் பழுதுபார்க்க, பராமரிக்க, பாதுகாப்பு வசதிகளுக்கு என்று சட்டத்திலேயே எழுதி வந்த பணம். மேடையில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வசூலும் நன்கொடையும்தான் பெரும்பாலும் சோறு போடுகின்றன. 2020-ல் கொரோனா நிவாரணச் சட்டத்தில் 2.5 கோடி டாலர் வந்ததே என்று கேட்பீர்கள். அது விதிவிலக்கு. அந்தப் பணம் வந்த கையோடு சென்டர் தன் இசைக்குழு வாத்தியக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தப் போவதாக அறிவித்து, பெரிய ரகளையானது.

சரி, எனக்குப் பிடித்த கேள்வி வேறு. நாடகக் கொட்டகைக்கு ஏன் ஒரு ஜனாதிபதியின் பெயர்? 1958-ல் அப்போதைய ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தில் அதன் பெயர் வெறும் தேசியக் கலாச்சார மையம். நிலம் அரசு தரும், கட்டுகிற பணத்தை ஊரில் வசூலித்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம் அவகாசம் என்றார்கள். வசூல் நொண்டியது. கென்னடியும் அவர் மனைவியும் முன்னின்று கேட்டும் போதவில்லை. 1963 நவம்பரில் அவர் சுடப்பட்டார். இரண்டே மாதத்தில், 1964 ஜனவரி 23 அன்று, அடுத்து ஜனாதிபதியான ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மையம் கென்னடியின் நினைவுச்சின்னமாகிவிட்டது. நீங்கள் எவ்வளவு திரட்டுகிறீர்களோ அவ்வளவு நாங்களும் தருகிறோம், 1.55 கோடி டாலர் வரை என்று அரசு முதல் தடவையாகக் கட்டுமானத்துக்குப் பையை அவிழ்த்தது. உயிரோடு இருந்தவர் கேட்டபோது வராத பணம்!

இந்த 'நினைவுச்சின்னம்' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. கலைக்குப் பணம் என்றால் காங்கிரஸில் சண்டை வரும். நினைவுச்சின்னத்தின் கூரை ஒழுகுகிறது என்றால் யார் எழுந்து வேண்டாம் என்பார்? 1971-ல் திறந்த கட்டடம் நிஜமாகவே ஒழுகியது. 1972 முதல் 1994 வரை அதைப் பராமரித்தது யார் தெரியுமா, தேசியப் பூங்காத் துறை. லிங்கன் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதே துறை. 1994 சட்டத்துக்குப் பிறகுதான் அந்தப் பொறுப்பு முழுதாக மையத்தின் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. ஆனால் ஆண்டு ஒதுக்கீடு இன்றும் காடு, பூங்கா, நிலம் எல்லாம் அடங்கிய இன்டீரியர் துறை மசோதாவோடுதான் போகிறது. மறுபடியும் அதேதான்: கோபுரம் வேறு, மேளம் வேறு.

ஒரு தடவை அங்கே போயிருந்தேன். டிக்கெட் விலையைக் கேட்டுத் திரும்பி நடந்தபோது, முன்கூடத்தில் இலவசக் கச்சேரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1997-ல் அப்படி இலவச மேடை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். கூடத்தின் நீளம் 630 அடி, 555 அடி வாஷிங்டன் தூணைப் படுக்க வைத்தாலும் இடம் மிஞ்சும். எல்லோரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூரையில் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.